ஐந்து பேர், ஒரே மூச்சு: பிராஸ் குயின்டெட் கேட்கப் போகிறவர்களுக்கு

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தன் கல்லூரி அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பிராஸ் குயின்டெட் வருகிறது, விருந்தினர் கச்சேரி, மாலை 6 மணி, அனுமதி இலவசம். அதற்குக் கீழே அவள் கேள்வி: "அண்ணே, இது நம்ம பேண்டு செட் மாதிரியா? போகலாமா?"

போகலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். பேண்டு செட் மாதிரியா என்பதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிராஸ் என்றால் பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். குயின்டெட் என்றால் ஐவர் குழு. பெரும்பாலும் இரண்டு டிரம்பெட், ஒரு ஃபிரெஞ்ச் ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. பெயர் இவ்வளவுதான். ஆனால் பித்தளை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் வழி தவறிவிடும். சாக்ஸபோன் பித்தளையில்தான் செய்யப்படுகிறது. கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக இசை வாசித்ததை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். இருந்தும் சாக்ஸபோன் இந்தக் குடும்பத்தில் சேராது. அதில் அதிர்வது நாணல் சீவல். நாகசுரத்தின் சீவாளிக்கும் அதே வேலைதான். இன்னொரு பக்கம் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குண்டுமணி அளவு உலோகம்கூடக் கிடையாது. ஆனால் ஊதும் முறையைப் பார்த்தால் சங்கு டிரம்பெட்டுக்குப் பங்காளி. ஏனென்றால் இரண்டிலும் அதிர்வது ஊதுகிறவரின் உதடு.

இதுதான் அடிப்படை. இரண்டு உதட்டையும் சேர்த்து இறுக்கி, நடுவில் மட்டும் காற்றுக்கு வழிவிட்டு ஊதிப் பாருங்கள். தேனீ பறப்பது போல ஒரு ரீங்காரம் வரும். அந்த ரீங்காரத்தைக் கிண்ணம் போன்ற ஒரு மவுத்பீஸ் வாங்கிக்கொள்ள, நீளமான குழாய்க்குள் இருக்கும் காற்று அதைப் பெரிதாக்கிச் சுரமாக்குகிறது. கொம்பு, எக்காளம், திருச்சின்னம் எல்லாம் இப்படித்தான் ஒலிக்கின்றன. சங்கப் பாடல்களில் வரும் கோடு, வயிர், தூம்பு ஆகியவையும் இந்த வழி வந்தவையே. நம் மதுரைக் காதுக்கு இந்த நாதம் அந்நியமானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, ஒரே குழாயில் இத்தனை சுரம் எப்படி வருகிறது? புல்லாங்குழலில் துளை இருக்கிறது. டிரம்பெட்டில் துளையே இல்லை.

கல்லூரியில் என்சிசியில் இருந்தவர்களுக்குப் பியூகிள் தெரியும். வளைந்த குழாய், ஒரு பொத்தான்கூடக் கிடையாது. அதில் வரும் சுரங்களை நம் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப. அவ்வளவுதான். உதட்டை இறுக்கினால் மேலே தாவும், தளர்த்தினால் கீழே இறங்கும். நடுவில் இருக்கும் ரி, ம எதுவும் அகப்படாது. ஒரு குழாய்க்குள் இருக்கும் காற்று தன் இஷ்டத்துக்கு எல்லா வேகத்திலும் அதிராது. அடிப்படை அதிர்வைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்றுதான் அதிரும். இரண்டாம் மடங்கு ச, மூன்றாவது ப, நான்காவது மேல் ச, ஐந்தாவது க. பியூகிள் அழைப்புகள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

இடைவெளியை நிரப்ப ஒரே வழி, குழாயின் நீளத்தை மாற்றுவது. நீளம் கூடினால் சுரம் இறங்கும். 1818இல் பிரஷ்யாவில் ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்சல், ஃபிரீட்ரிஷ் ப்ளூமல் என்ற இருவர் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பொத்தானை அழுத்தினால், காற்று ஒரு சின்னக் கிளைக் குழாய்க்குள் சுற்றிவிட்டு வரும். இன்றைய டிரம்பெட்டில் மூன்று பொத்தான்கள். நடுப்பொத்தான் ஒரு ஸ்வரஸ்தானம் (ச முதல் மேல் ச வரையுள்ள பன்னிரண்டு படிகளில் ஒரு படி) இறக்கும், முதல் பொத்தான் இரண்டு, மூன்றாவது பொத்தான் மூன்று. சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் ஒன்று முதல் ஆறு வரை எதையும் இறக்கலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். ச-வுக்கும் ப-வுக்கும் நடுவில் இருப்பது சரியாக ஆறு ஸ்வரஸ்தானங்கள். ப-விலிருந்து ஒவ்வொன்றாக ஆறு இறங்கினால் ச-வுக்கு அடுத்த படியில் வந்து நிற்போம். அதற்குக் கீழே ச பொத்தான் இல்லாமலே வரும். மூன்றே விரலில் முழுப்படிக்கட்டும் கட்டியாகிவிட்டது. இந்தக் கணக்கு முதலில் புரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் மனசில் இருக்கிறது.

டிராம்போன் மட்டும் பொத்தானை நம்பி வந்ததல்ல. வால்வு பிறப்பதற்கு முன்னூறு வருஷத்துக்கும் மேலாகவே அதில் இழுத்து நீட்டும் குழாய் இருக்கிறது. கையை நீட்டி மடக்கி ஏழு இடங்களில் நிறுத்துவார்கள். அந்த ஏழும் மேலே சொன்ன அதே கணக்குத்தான்: இறக்காமல் ஒன்று, இறக்கி ஆறு. ஆனால் நிறுத்தாமல் வழுக்கிக்கொண்டே போகவும் முடியும் என்பதால், இந்த ஐந்தில் நம் ஜாருவுக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான்.

நீளங்களைச் சொன்னால் குரல்களின் உறவு விளங்கும். பி ஃபிளாட் சுருதிக்குச் செய்த டிரம்பெட்டின் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 1.4 மீட்டர். டிராம்போன் சுமார் 2.7 மீட்டர், அதனால் ஒரு ஸ்தாயி (மேல் ச-விலிருந்து கீழ் ச வரை) கீழே. பெரிய பி ஃபிளாட் டியூபா சுமார் 5.5 மீட்டர், இன்னும் ஒரு ஸ்தாயி கீழே. டியூபாதான் இருப்பதிலேயே இளையது. 1835இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், யோஹான் கோட்ஃபிரீட் மோரிட்ஸ் இருவரும் அதற்குக் காப்புரிமை எடுத்தார்கள். உருவத்தைப் பார்த்து அதை 'பூம் பூம்' வாத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல கையில் அது நாலு பேரையும் தோளில் தாங்கிக்கொண்டே பாடவும் செய்யும்.

ஃபிரெஞ்ச் ஹார்னைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அது என் மனசுக்குப் பிடித்தது. எஃப் சுருதி ஹார்னின் குழாய் சுமார் 3.7 மீட்டர், டிராம்போனைவிட நீளம். ஆனால் டியூபாவைப் போல அடியில் உட்காராமல் பெரும்பாலும் மேல் மடங்குகளிலேயே உலவும். மேலே போகப் போக மடங்குகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மடங்குகள் ச, ரி, க என்று ஒட்டியே நிற்கும். உதடு இம்மி பிசகினால் பக்கத்துச் சுரம் வந்து விழும். ஹார்ன் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுரத்தை மனசுக்குள் முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் ஊதுவார். இன்னொரு விசேஷம், ஒலி வெளிவரும் அதன் அகன்ற வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். வாசிப்பவரின் வலது கை அந்த வாய்க்குள் இருந்து நாதத்தை மழுக்கும், திருத்தும். நம் காதுக்கு வருவது சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி. அரங்கத்துக்குப் பொறுப்பான மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் தடித்த வெல்வெட் திரை தொங்கினால் ஹார்னை அது விழுங்கிவிடும். திரையை ஒதுக்கி, வெறும் சுவர் தெரியும்படி விடுங்கள்.

வாத்தியங்கள் ஆயிற்று. இவர்கள் வாசிப்பதை ஏன் பேண்டு செட் என்று சொல்லாமல் சேம்பர் மியூசிக் என்கிறார்கள்? சேம்பர் என்றால் அறை. அறைக்குள் கேட்பதற்கான இசை என்பது பழைய பொருள். இன்றைக்கு அதன் சாரம் இரண்டே விஷயம். ஒருவருக்கு ஒரு வரி, அந்த வரியை வேறு யாரும் வாசிப்பதில்லை. முன்னால் நின்று கோல் அசைக்கும் நடத்துனரும் இல்லை.

முதல் விஷயத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர் நாகசுரத்தையே பார்க்கலாம். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் ஜோடியாக வாசித்ததைக் கேட்டால், இரண்டு நாகசுரமும் ஒரே ராகத்தின் ஒரே வழியில் போகும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார், பிறகு சேர்ந்து நடப்பார்கள். இரண்டு குழல் ஒரே குரலாக ஆவதில்தான் அந்த அழகு. குயின்டெட்டில் ஐந்து பேருக்கும் ஐந்து வேறு வரிகள். முதல் டிரம்பெட் மேலே பாட்டைச் சொல்ல, இரண்டாம் டிரம்பெட் அதற்குக் கொஞ்சம் கீழே கூட நடக்கும், அல்லது எதிர்க்கேள்வி போடும். ஹார்ன் நடுவில் நூல் போல ஓடும். டிராம்போனும் டியூபாவும் அடித்தளம் போடும். பிறகு திடீரென்று பாட்டு டியூபாவிடம் போய்விடும், டிரம்பெட்டுகள் பக்கவாத்தியம் ஆகிவிடும். முதல் முறை கேட்கும்போது இது நெரிசலாகத் தோன்றலாம். அப்போது ஒருவரை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு அவர் வரியைத் தொடருங்கள். நான் ஹார்னைத் தொடர்வேன். கூட்டத்தில் ஒரு குரல் பிடிபட்டால் மற்றவையும் தானாகப் பிரிந்து கேட்கும்.

இரண்டாம் விஷயம் நடத்துனர் இல்லாதது. தாளம் போடவும் மேடையில் யாரும் கிடையாது, மிருதங்கமும் இல்லை. தொடங்கும் நொடியைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் டிரம்பெட்காரர் வாத்தியத்தை லேசாக உயர்த்தி மூச்சு இழுப்பார். ஐந்து பேரும் அதே வேகத்தில் மூச்சு இழுப்பார்கள். பாட்டின் வேகம் என்ன, சத்தம் எவ்வளவு, குணம் எப்படி என்பதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் இருக்கிறது. வேகமான பாட்டுக்கு வெடுக்கென்று இழுப்பார்கள், தாலாட்டு மாதிரியான பாட்டுக்கு நெடுமூச்சு. முன்வரிசையில் இருந்தால் அந்த மூச்சு காதிலேயே விழும்.

சில வருஷங்களுக்கு முன் இப்படி ஒரு விருந்தினர் கச்சேரிக்கு என் தாய்மாமாவை அழைத்துப் போயிருந்தேன். அவர் 25 வருஷம் பேண்டு செட்டில் யூஃபோனியம் (டியூபாவின் தம்பி மாதிரி வாத்தியம்) ஊதியவர். மாதா கோயில் தேர், மாசி வீதிகளில் மாப்பிள்ளை அழைப்பு, தத்தனேரிக்குப் போகும் கடைசி ஊர்வலம் எல்லாவற்றிலும் அவர் மூச்சு கலந்திருக்கிறது. தெருவில் வாசிப்பவருக்கு அடக்கி ஊத வாய்ப்பே கிடையாது. ஒரு பக்கம் டிரம், மறுபக்கம் வெடி, நடுவில் பஸ் ஹார்ன். அதற்கு மேல் கேட்க வேண்டும் என்றால் முழு மூச்சையும் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு நடுவில் ஒரு மெதுவான பகுதி வந்தது. ஐந்து பித்தளை வாத்தியமும் சேர்ந்து, விசிறி ஓடும் சத்தத்துக்குக் கீழே போய்விட்டன. மாமா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "மாப்ள, சத்தமா ஊதுறதுன்னா நெஞ்சுல தெம்பு இருந்தாப் போதும். இருக்கா இல்லையான்னு ஊதுனாங்களே, அதுக்குத்தான் ஒதடு வேணும்."

அவர் சொன்னது சரி. காற்று குறைந்தால் உதடு அதிராமல் நின்றுவிடும். நிற்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் அதைப் பிடித்து வைப்பதுதான் இந்தக் கலையிலேயே கடினமான வேலை. பித்தளை என்றால் கல்யாணமும் சாவும் மட்டுமே என்று பழகிப்போன நம் காதுக்கு இந்தக் குழுக்கள் கொண்டுவரும் பெரிய சீதனம் அந்த மென்மைதான். அதனால்தான் போகலாமா என்று கேட்டவளிடம் நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

என்ன வாசிப்பார்கள்? பழையதில் தொடங்குவது வழக்கம். வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தில் பணிபுரிந்த ஜொவானி கப்ரியேலி, எதிரெதிர் மாடங்களில் குழுக்களை நிறுத்திப் பேசவிட்டு இசை எழுதியவர். 1597இல் அச்சான அவருடைய ஒரு படைப்பில் எங்கே மெதுவாக, எங்கே உரக்க வாசிக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார். அப்படி எழுதப்பட்ட மிகப் பழைய படைப்புகளில் அதுவும் ஒன்று. திருமலை நாயக்கர் மகால் எழுந்தது 1636இல். ஏறத்தாழ ஒரே காலம். மகாலின் சொர்க்க விலாசத்துக் குவிமாடத்தின் கீழ் நின்று குரல் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு, இந்த இசையில் ஏன் நீண்ட சுரங்களும் நடுவே அமைதியும் வருகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. ஒலி மேலே போய்த் திரும்பிவர நேரம் கொடுக்க வேண்டும். அதே நூற்றாண்டில் ஜெர்மானிய ஊர்களில் நகரசபை சம்பளம் கொடுத்து ஊதுகுழல்காரர்களை வைத்திருந்தது. கோபுரத்தின் மேல் நின்று ஊருக்கே வாசிப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. லைப்சிக் நகரத்து யோஹான் பெட்ஸல் 1670இல் வெளியிட்ட தொகுப்புக்குப் 'பத்தாம் மணி' என்ற பொருள் வரும் பெயரையே வைத்தார்.

பிறகு விக்டர் இவால்ட் என்ற பெயர் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். 1860இல் பிறந்து 1935இல் மறைந்த ரஷ்யர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். செல்லோ வாசிப்பவர். அவர் எழுதிய பித்தளை ஐவர் இசை இன்றைக்கும் இந்தத் துறையின் அஸ்திவாரமாக நிற்கிறது. நம் ஊர் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நாம் இன்று பார்க்கும் வடிவம் நிலைபெற்றது 1950களிலிருந்துதான். நியூயார்க் பிராஸ் குயின்டெட் 1954இல் தொடங்கியது. அமெரிக்கன் பிராஸ் குயின்டெட் 1960இல் தொடங்கியது. அவர்கள் டியூபாவுக்குப் பதில் பாஸ் டிராம்போன் வைத்துக்கொள்கிறார்கள். 1970இல் டொரண்டோவில் பிறந்த கனடியன் பிராஸ் இதை வெகுஜனங்களிடம் கொண்டுசேர்த்தது. பிரிட்டனின் மால்கம் ஆர்னால்டு, லண்டன் ஃபில்ஹார்மோனிக்கில் டிரம்பெட் வாசித்தவர், 1961இல் எழுதிய குயின்டெட் அடிக்கடி நிரலில் வரும். மேலை நாடுகளில் இப்படிப்பட்ட குழுக்கள் பல, பல்கலைக்கழக இசைத்துறை ஆசிரியர்களே சேர்ந்து அமைத்தவை. அவர்கள் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் போய் வாசித்து, மாணவர்களுக்கு வகுப்பும் எடுப்பார்கள். விருந்தினர் கச்சேரி என்ற சொல் அங்கிருந்து வந்த வழக்கம்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு, வெயில். ஒலி 20 பாகை (டிகிரி செல்சியஸ்) வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், 35 பாகையில் சுமார் 352. குழாய்க்குள் ஒலி வேகமாகப் போனால் சுருதி ஏறிவிடும். ஊதுகிறவரின் மூச்சு எந்த ஊரிலும் ஒரே சூடு என்பதால் கணக்குப்படி முழுசாக ஏறாது, ஆனாலும் காதுக்குத் தெரியும்படி ஏறும். குளிரூரிலிருந்து வருகிறவர்கள் மதுரை மேடையில் முதல் பத்து நிமிஷம், நீளத்தைச் சரிசெய்யும் சுருதிக் குழாயை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். நாம் தம்புராவைச் சேர்க்கும் பொறுமையோடு அதைப் பார்க்க வேண்டும்.

நடுநடுவே குழாயின் ஒரு சின்னச் சாவியைத் திறந்து தண்ணீர் வடிப்பார்கள். அதை எச்சில் என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். பெரும்பங்கு மூச்சில் இருக்கும் ஈரம்தான், குழாய்ச் சுவரில் பட்டு நீராகிறது. டிரம்பெட்டின் வாயில் கூம்பு மாதிரி ஒன்றைச் செருகினால் அது மியூட். குரலை மூக்கடைத்தது போல மெலிதாக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் எழுந்து விளக்கம் பேசினால் அதற்கும் காரணம் உண்டு. உதடு தசை. தொடர்ந்து இறுக்கினால் களைத்துவிடும். ஒருவர் பேசும் இரண்டு நிமிஷத்தில் ஐந்து பேரின் உதட்டுக்கும் ரத்தம் திரும்புகிறது.

கைத்தட்டும் வழக்கம் மட்டும் நம் கச்சேரிக்கு நேர்மாறு. நாம் நல்ல பிடி விழுந்த இடத்திலேயே "பலே" என்போம். அங்கே ஒரு படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும். பகுதிகளுக்கு நடுவில் தட்ட மாட்டார்கள். வாத்தியங்கள் மடிக்கு இறங்கி, வாசிப்பவர்கள் நம்மைப் பார்க்கும்வரை காத்திருந்தால் போதும். மறந்து தட்டிவிட்டால் குற்றமும் இல்லை. அன்றைக்கு மாமா தட்டினார், டிரம்பெட்காரர் தலை தாழ்த்தி வாங்கிக்கொண்டார்.

மைக் விஷயத்தை அமைப்பாளர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். 300 பேர் உட்காரும் அரங்கத்துக்கு இந்த ஐந்து பேருக்கும் ஒலிபெருக்கி தேவையே இல்லை. மைக் வைத்தால் ஐந்து திசையிலிருந்து வர வேண்டிய குரல்கள் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைபட்டுவிடும். பேசுவதற்கு ஒரு மைக் இருந்தால் போதும், வாசிக்கும்போது அதையும் அணைத்துவிடலாம். முடிந்தால் மெதுவான பகுதியின்போது மேடைக்குப் பக்கத்து விசிறிகளையும்.

அவளுக்கு இவ்வளவையும் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டுக் கடைசியாக எழுதினேன்: ஐந்தே முக்காலுக்கே போய்விடு. முதல் வரிசை வேண்டாம், அங்கே டிரம்பெட் நேராக வந்து அறையும். நடுவரிசையில், ஹார்ன் வாசிப்பவரின் கை தெரியும்படி உட்கார். பக்கத்தில் இரண்டு இடம் பிடித்து வை. மாமாவும் வருகிறார், அவருக்கு ஓரத்து நாற்காலி.